இல்லாதவனுக்குப் பதிலாக

அலுவலகத்தில் அவளுக்குக் கேள்வியம்மா என்று பெயர். வைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு அறிக்கை எழுதும் ஆய்வு நிறுவனம் அது. அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு கேள்வியும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். "புதிய பேருந்து நிலையம் உங்களுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது?" என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் போதும், பிடித்துக்கொள்வாள். வசதியாக இருக்கிறது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய், அப்புறம் அந்த மனிதரை எதற்குத் தொந்தரவு செய்கிறாய் என்பாள். பதிலை ஊட்டிவிடும் கேள்வி கேள்வியே இல்லை என்பது அவள் கட்சி. இயக்குநர் எழுதிய கேள்விகளையே சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பியவள்.

அவள் கறாராக இருந்த இன்னொரு விஷயம் பதிலாள். கதவைத் தட்டினால், கேட்க வேண்டிய ஆள் பாதி நேரம் வீட்டில் இருக்கமாட்டார். மனைவியோ அப்பாவோ எட்டிப் பார்த்து, அதனாலென்ன, அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேனே என்பார்கள். அப்படிச் சொல்பவருக்குத்தான் அந்தத் தொழிலில் பதிலாள் என்று பெயர். அவர் காலையில் எப்போது வேலைக்குப் போவார், எதுவரை படித்தார் என்று பதிலாளிடம் கேட்டுக்கொள்ளலாம். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பதிலாள் தன் மனதில் இருப்பதை எடுத்து அவர் தலையில் கட்டிவிடுவார். கூடவே வாழ்கிற மனைவிக்கே தெரியாது, அக்கா தங்கைக்கு எங்கே தெரியப்போகிறது என்று புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லித் தருவாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அது நடந்தது. தெரியாதவர்கள் செய்தால் தவறு என்று விட்டுவிடலாம். இவ்வளவும் தெரிந்தவள் செய்ததை என்னவென்று சொல்வது?

இரண்டு ஆண்டுகளாக நிறுவனத்தில் வீடு வீடாகப் போவது குறைந்து, பொம்மைகள் வந்திருந்தன. அறிக்கையில் அவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் என்று வாய் நிறையப் பெயர் உண்டு. அலுவலகத்தில் பொம்மைதான். ஒரு மனிதரை உட்காரவைத்து, பிறந்ததிலிருந்து இன்றுவரை அவர் கதையைச் சாவகாசமாகச் சொல்லவைப்பார்கள். அந்தப் பேச்சு முழுவதையும் கணினிக்குக் கொடுத்தால், அதன் பிறகு அது அந்த மனிதராக இருந்து பதில் சொல்லும். பேருந்துக் கட்டணத்தை ஏற்றினால் என்ன செய்வாய், பக்கத்து வீட்டில் வேற்று மொழிக்காரர் குடிவந்தால் பேசுவாயா என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆயிரம் பொம்மைகளிடம் ஒரே மதியத்தில் கேட்டு முடித்துவிடலாம். வெயிலில் அலைய வேண்டாம், நாய்க்கடி வேண்டாம், கதவை முகத்தில் அறைபவர்கள் இல்லை. நிஜ மனிதர்கள் சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒத்துப்போனது. கேள்வியம்மாவே முதலில் முறைத்துவிட்டு அப்புறம் ஒப்புக்கொண்டாள்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். சிலரைப் பிடித்து உட்காரவைக்கவே முடியவில்லை. இரவு வேலைக்காரர்கள், ஊர் ஊராகச் சுற்றுபவர்கள், பேச மறுப்பவர்கள். அவர்கள் வீட்டில் இருப்பவரைப் பேசவைத்து, அதிலிருந்து பொம்மை செய்தால் தேறுமா என்று பார்த்துவிடலாம் என்றார் இயக்குநர். முதல் சோதனை அலுவலகத்துக்குள்ளேயே. ஒவ்வொருவரும் தன் உறவில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவராகவே மாறி, நான் நான் என்றே சொல்ல வேண்டும். பதிலாள் வைத்துச் செய்த பொம்மையிடம் நடப்பை மட்டும்தான் கேட்கலாம், மனதைக் கேட்கக் கூடாது என்ற விதியை எழுதிச் சேர்த்தவளே கேள்வியம்மாதான்.

மற்றவர்கள் கணவனை, மனைவியை, மாமியாரைச் சொன்னார்கள். மாமியாரைச் சொன்ன கணக்காளர் பேசி முடித்து வெளியே வரும்போது முகம் வெளுத்திருந்தது, அதை வைத்து ஒரு வாரம் ஓட்டினார்கள். கேள்வியம்மாவுக்குச் சொல்ல ஒருவன்தான் இருந்தான். அவள் தம்பி.

தம்பி அவளோடு பேசி இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது.

அவனுக்கு நினைவு தெரிவதற்குள் அம்மா போய்விட்டாள். அப்பாவும் அவளும்தான் வளர்த்தார்கள். பள்ளியில் கையெழுத்துப் போட்டது அவள். காய்ச்சலுக்கு விழித்திருந்தது அவள். அவன் என்ன படிக்க வேண்டும், எந்தச் சட்டை அவனுக்குப் பொருந்தும், யாரோடு சேரக்கூடாது என்று முடிவு செய்ததும் அவள்தான். "அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும்" என்பது அந்த வீட்டில் அடிக்கடி கேட்ட வாக்கியம். அவன் ரயில் ஓட்டுநர் பயிற்சிக்குத் தொலைதூரம் போனான். கடைசித் தேர்வில் இரண்டு முறை தவறினான். மூன்றாவது முறை தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தேர்வுக்கு அவன் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா படுக்கையில் விழுந்தார்.

அவள் சொல்லவில்லை. அவன் போன் செய்தபோதெல்லாம் அப்பா தூங்குகிறார் என்றாள். மருத்துவர் கையை விரித்த பிறகும் அப்படியே சொன்னாள். தேர்வு எழுதி முடித்து அவன் வெளியே வந்ததும்தான், அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னாள். அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று ஒரே ஒரு முறை கேட்டான்.

"உன்கிட்ட கேட்டிருந்தாலும் நீ இதைத்தான்டா சொல்லியிருப்பே," என்றாள் அவள்.

அவன் பையைக்கூடப் பிரிக்கவில்லை. வந்த வழியே போய்விட்டான். தேர்வில் தேறினான், வேலையில் சேர்ந்தான், கல்யாணமும் செய்துகொண்டான். எல்லாமே அடுத்தவர் வாயால்தான் அவளுக்குத் தெரிய வந்தது. கல்யாணப் படத்தை யாரோ போனில் காட்டியபோது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டாள்.

சோதனைக்கு உறவினரின் சம்மதம் வேண்டும். சம்மதம் உண்டு என்று படிவத்தில் அவளே எழுதிப் போட்டாள். அவன் ஒத்துக்கொள்வான், என்ன இப்போ, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சில கைகள் சூடு பட்டாலும் திருந்துவதில்லை.

அவளைப் பேசவைத்தவள் புரோகிராமர். காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. குளிர்ந்த சிறிய அறை, இரண்டு நாற்காலி, மேசையில் ஒலிவாங்கி. முதலில் கேள்வியம்மாவுக்கு நான் என்று சொல்லவே நாக்கு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. நான் சின்ன வயசுல மழைன்னா பயப்படுவேன், அக்கா குடையை என் பக்கமே பிடிச்சுட்டு வருவா, அவ பாதி நனைஞ்சுருவா என்றாள். நான் கோபக்காரன், ஆனா கோபம் தங்காது என்றாள். வாழ்க்கையில் பெரிய வருத்தம் எது என்று புரோகிராமர் கேட்டாள். அப்பா போனப்போ நான் பக்கத்துல இல்லை, அதுதான் என்றாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். "அக்கா சொல்லலை. ஆனா அவ எது செஞ்சாலும் என் நல்லதுக்குத்தான்," என்றும் சேர்த்துச் சொன்னாள்.

வெளியே வந்தபோது அவளுக்கு இலேசாக இருந்தது. எத்தனையோ நாள் கழித்து அவன் குரலைக் கேட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. பேசியது அவள் வாய்தான் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

பொம்மை தயாரானது. எதுவரை படித்தாய், வேலைக்கு எப்படிப் போகிறாய் என்று கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தாள். கோப்பை மூடியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போன பிறகு, ஒரு கேள்வி தட்டினாள். அக்காவோடு பேசுவாயா? அது எழுதியது: "கோபம் இருக்கு. ஆனா அக்கா இல்லாம நான் யாரு?"

திரையைப் பார்த்தபடியே இருந்தாள். கண் மறைத்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அந்த நேரம் அவளுக்கும் பொம்மைக்கும் என்று ஆகிவிட்டது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோன நாட்கள் உண்டு. ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டு, எந்தப் பதில் அதிகம் வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது அங்கே வேலை முறை. அவளும் அப்படியே கேட்டாள். அக்கா வாசலில் வந்து நின்றால் என்ன செய்வாய்? உள்ளே வரச் சொல்லுவேன் என்றது. எப்போதாவது, தெரியலை, பயமா இருக்கு என்றும் சொன்னது. அப்படிச் சொன்ன நாளில் கேள்வியைக் கொஞ்சம் திருத்தினாள். உன்னை வளர்த்த அக்கா, உன் நல்லதுக்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு காரியம் செய்தாள், அவள் தேடி வந்தால் மன்னிப்பாயா? இப்படி ஒரு கேள்வியை வேறு யாராவது எழுதிக்கொண்டு வந்திருந்தால் காகிதத்தைக் கிழித்தே இருப்பாள். பொம்மை ஒவ்வொரு முறையும் மன்னித்தது.

எதை முதலில் சொன்னால் இளகுகிறான், எதைச் சொன்னால் சுருங்குகிறான் என்று அவளுக்குப் பாடமானது. குடை விஷயத்தைச் சொன்னால் பொம்மை சிரிக்கும். தேர்வில் தேறியதைச் சொன்னால், அது உன்னாலதான் அக்கா என்னும். அவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒருநாள் மேசையில் மறந்துபோன சார்ஜரை எடுக்க வந்த புரோகிராமர் திரையைப் பார்த்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடிபட்ட கேள்வியம்மா எதையோ மூடப் பார்த்தாள். அந்தப் பெண் கிண்டல் செய்யவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அதுக்குள்ள உங்க தம்பி இல்லை. நீங்க பேசினதுதான் இருக்கு. உங்களை நீங்களே மன்னிச்சுக்கிட்டிருக்கீங்க."

இவளுக்குச் சுருக்கென்றது. இந்தத் தொழிலை எனக்கே சொல்லித் தருகிறாயா என்று கேட்டாள். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதது எதுவும் அவனிடம் இல்லை என்றாள். புரோகிராமர் தயங்கினாள். போன் எண் இருக்கிறதில்லையா, அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். கேள்வியம்மா போன் செய்யவில்லை. போனில் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வழி இருக்கும். நேரில் போய் நிற்பது என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போனாள். ரயில்வே குடியிருப்பு, ஒரே மாதிரி மஞ்சள் கட்டடங்கள், மாடிப்படியில் யாரோ துடைப்பத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கதவைத் திறந்தவள் தம்பி மனைவி. இருவரும் இதுவரை பார்த்ததில்லை. இருந்தும் அந்தப் பெண்ணுக்கு உடனே தெரிந்துவிட்டது. வாங்க அண்ணி என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

தம்பி மேசையில் சீருடைச் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். நெற்றி ஏறியிருந்தது. அவளைப் பார்த்தான், உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. மறுபடி சட்டையைத் தேய்த்தான். தம்பி மனைவிதான் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

அவள் பேசத் தொடங்கினாள். ஒத்திகை பார்த்த வரிசைப்படியே பேசினாள். குடையில் ஆரம்பித்தாள். நீ நனையக்கூடாதுன்னு நான் பாதி நனைஞ்சுட்டு வருவேனே என்றாள். அவன் சிரிக்க வேண்டிய இடம் அது.

"எனக்கு அது ஞாபகம் இல்லை," என்றான்.

அவளுக்கு ஒரு படி தவறிய மாதிரி இருந்தது. சமாளித்துக்கொண்டு தேர்வுக்குப் போனாள். இரண்டு முறை தவறியது, மூன்றாவது முறையும் தவறியிருந்தால் அவன் வாழ்க்கையே போயிருக்கும் என்பது, தான் தனியாளாக அப்பாவைப் பார்த்துக்கொண்டது, சொல்லாமல் இருந்தது தனக்கு மட்டும் லேசாகவா இருந்தது என்பது. அவன் காலரைத் தேய்த்தான், கையைத் தேய்த்தான். எதற்கும் அவன் முகம் இளகவில்லை, சுருங்கவும் இல்லை. இத்தனை வாரமாக அவள் மனப்பாடம் செய்த தம்பி இந்த வீட்டில் இல்லை. அவளுக்குச் சொல்ல வைத்திருந்தது தீர்ந்துபோனது. தீர்ந்த பிறகும் அவன் சட்டையிலிருந்து கண்ணை எடுக்காததால், என்னை மன்னிச்சுடுடா என்றாள். அது ஒத்திகையில் இல்லாதது.

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

பொம்மை இதை ஒருநாளும் கேட்டதில்லை. பொம்மைகள் பதில் சொல்லும், எதையும் கேட்காது. கேட்கிற மாதிரி இருந்திருந்தாலும் இதைக் கேட்டிருக்காது, ஏனென்றால் இதைப் பற்றி அவள் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை, தன்னிடம்கூட. தம்பி மனைவி சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள். கேள்வியம்மாவுக்குப் பொய் சொல்ல வாய் எழவில்லை.

"கேட்டாரு," என்றாள். "வாசல்ல சத்தம் கேட்டா, அவனான்னு கேட்பாரு."

"நீ என்ன சொன்னே?"

"வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன்."

"நம்பினாரா?"

"நம்பினாரு." அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "நல்ல சட்டை ஒண்ணு போட்டுவிடச் சொன்னாரு. நீ வரும்போது அழுக்கா கிடக்கக் கூடாதாம். போட்டுவிட்டேன். தலை சீவிவிட்டேன். கண்ணாடி கேட்டாரு."

அவன் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். பிடுங்கிய கையைக் கீழே விடாமல் அப்படியே நின்றான். அழுவான் என்று நினைத்தாள். அழுதிருந்தால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியும், சின்ன வயதிலிருந்து செய்து பழக்கம். அவன் அழவில்லை.

"எத்தனை நாள் அந்தச் சட்டையில இருந்தாரு?"

அவள் சுருட்டிய தலைப்பைப் பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். ஒரு நாளுக்கு மேல் என்று அவனுக்கு அதிலேயே புரிந்தது.

"என்கிட்ட கேட்டிருந்தா, பரீட்சை வேண்டாம்னு வந்திருப்பேன். இல்லை, வராமலும் இருந்திருப்பேன். எனக்குத் தெரியலை அக்கா. இப்பவும் தெரியலை. அதைத் தெரிஞ்சுக்க எனக்கு இருந்தது அந்த ஒரு சந்தர்ப்பம்தான்." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "அவருகிட்ட எனக்குப் பதிலா நீ பேசினே. என்கிட்ட அவருக்குப் பதிலா நீ பேசினே. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லை."

அவன் பாதி தேய்த்த சட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அறைக் கதவு சாத்திக்கொண்டது. ஓங்கி அறையவில்லை, தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்கவில்லை.

தம்பி மனைவி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. கேள்வியம்மா குடிக்கவில்லை. எழுந்து அந்தக் கதவுப் பக்கம் போனாள். இருக்கச் சொல்வான் என்று பாதி மனசு சொன்னது, போகச் சொல்வான் என்று பாதி சொன்னது. பழக்க தோஷம், அவனுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் அவளே பேசிக்கொண்டிருந்தாள். தலையை உதறினாள். விரல் மடக்கி இரண்டு முறை தட்டினாள்.

"தம்பி, நான் இருக்கவா, போகவா?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அவள் எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை, கேள்வியைத் திருத்தவில்லை, இன்னொரு முறை கேட்கவும் இல்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"போ அக்கா," என்றான் தம்பி.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.